உடைந்த கிழங்குகளுக்கு நீலம் பூசியவர்

ஜெயமேரி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாக வந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இளம்பிள்ளையில் எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் செல்போனை முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன். புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து சரசு பேசினார்.

"சாமி, சிஸ்டரம்மா போயிட்டாங்கன்னு சொல்றாங்களே. நெசமுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அக்கா செவிலியராக இருந்த அதே மருத்துவமனையில், மருந்தகத்தில் வேலை பார்ப்பவள் நான். முந்தின வாரம்தான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சரசு கண்வலிக்கிழங்கு பயிரிடும் காட்டில் கூலிக்குப் போகிறவர். அன்று காலை அங்கே விதைக்கிழங்கு பிரிக்கத் தொடங்குகிறார்கள். நீலம் கலந்துவிடலாமா என்று கேட்க அக்காவின் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். எடுத்தது அக்காவின் தங்கை. அழுகைக்கு நடுவில் அவர் சொன்னதைச் சரியாகத்தான் கேட்டோமா என்று தெரிந்துகொள்ளச் சரசு என்னை அழைத்தார்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அரிசிபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்த தங்கையை அழைத்தேன். உண்மைதான். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். திரும்பச் சரசுவை அழைத்து, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர், "அப்ப நீலத்தைக் கலக்கீறோமுங்க. கெழங்கு வெளிய கெடக்குது" என்று வைத்துவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அக்காவோடு வார்டில் வேலை பார்த்தவர்கள். சிலர் அவருடைய வார்டில் படுத்திருந்தவர்கள், அல்லது படுத்திருந்தவருக்குத் துணையாகத் தரையில் பாய் விரித்துக் கிடந்தவர்கள். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சற்றுத் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் முதலில் தயங்கியிருப்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்து கொடுக்க அவருடைய வார்டுக்குப் போயிருந்தேன். ஓமலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், கணவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கட்டிலருகில் நின்றபடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாயிருமுங்களா சிஸ்டர்? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவும் இல்லை. "எட்டு மணி வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

"அதைக் கேக்கலீங்க. இவரு பொழச்சுக்குவாருங்களா?"

"எட்டு மணி வரைக்கும் இங்கதான் இருக்கேன்மா. எப்ப வேணும்னாலும் கூப்பிடு."

அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போனார். மறுநாள் அவருடைய தம்பி மேலாளர் அறையில் நின்று சத்தம் போட்டார். "டூட்டி டைம் சொல்றதுக்கு ஒரு நர்ஸா? மனசாட்சி இருக்கா?" மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, நோயாளிகளிடம் ஆறுதலாகப் பேச வேண்டும் என்று சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த கட்டிலில் அதையே சொன்னார். 'எட்டு மணி சிஸ்டர்' என்ற பெயர் அவருக்கு அப்போதே இருந்தது. அதைவிட மோசமான பெயர்களும் இருந்தன. அவருக்கு அவையெல்லாம் தெரியும்.

ஒருநாள் வார்டு மருந்துகளை வாங்க அவரே கீழே வந்தார். கீல்வாத நோயாளி ஒருவருக்கான மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏய் பார்மஸி, இது அந்தக் கிழங்கோட விதையில இருந்துதானே எடுக்கிறாங்க?"

"ஆமாங்கா. கண்வலிக்கிழங்கு விதை."

"ம். அளவா கொடுத்தா வலி போகும்." அட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். போகாமல் நின்றார். "உங்க அப்பா சாயப்பட்டறை வெச்சிருக்காருதானே? கிழங்குக்குச் சாயம் ஏறுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வர்ற லீவு நாளைக்கு என்கூட புதுச்சத்திரம் வா. பஸ்ல சொல்றேன்" என்றார். ஒத்த வயதுக்காரர்களிடம்கூடச் சட்டென்று ஒட்டிவிடுகிறவள் அல்ல நான். ஏன் சரியென்றேன் என்று இன்றும் தெரியவில்லை.

நாமக்கல் போகும் பஸ்ஸில், மல்லூர் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். அவர் சொன்னதை அவருடைய சொற்களில் எழுத எனக்கு நினைவில்லை, நடந்தது இது.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆடியில் ஒரு தாயும் மகளும் அவருடைய வார்டில் சேர்க்கப்பட்டார்கள். தாய்தான் சரசு. மகள் தாரணி, மூன்றாம் வகுப்பு. அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கோ இருந்தார். இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். கெட்டுப்போன சாப்பாடு என்று நினைத்து மருத்துவம் பார்த்தார்கள். அடுத்த நாள் வாந்தி நின்றது. தாரணி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். ஜெயமேரி அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, "எல்லாம் சரியாயிடுச்சு கண்ணு. நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

அந்த விஷம் அப்படித்தான் செய்யும். முதலில் வயிற்றைப் புரட்டும், பிறகு விட்டுவிட்டதுபோல் ஒதுங்கி நிற்கும், பிறகு உள்ளே ஒவ்வொன்றாக நிறுத்தும். மறுநாள் தாரணிக்குச் சிறுநீர் நின்றது, மூச்சு திணறியது. அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவிக் கேட்டபோதுதான் கிழங்கு அவித்ததைச் சரசு சொன்னார். வீட்டிலிருந்து மிச்சத் துண்டு ஒன்றை யாரோ எடுத்துவந்தார்கள். சரசு குறைவாகச் சாப்பிட்டிருந்தார். அவர் பிழைத்தார். பிறகு அவருடைய தலைமுடி முழுவதும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஊரில் தெரியாதவர்கள், பெண்ணுக்காக மொட்டையடித்துக்கொண்டாள் என்று நினைத்தார்களாம்.

நான் மருந்து படித்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "முதல்லயே தெரிஞ்சிருந்தாலும் இதுக்கு மாத்து மருந்து கிடையாதுக்கா. காப்பாத்தியிருக்கிறது கஷ்டம்."

"தெரியும். டாக்டரும் சொன்னாரு, பங்குச் சாமியாரும் சொன்னாரு." பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. "செத்ததை நான் சொல்லலை பார்மஸி. நான் சொன்ன வார்த்தையைச் சொல்றேன்."

தாரணிக்குப் பிறகு அவர் எந்த நோயாளியிடமும் சரியாகிவிடும் என்று சொன்னதில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். எட்டு மணி வரைக்கும் தான் அங்கே இருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் செடியைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. போதமலை அடிவாரத்துப் புதர்களிலும், ஊர்ப்புறத்துக் கிளுவை வேலிகளிலும் மழை பெய்ததும் தானாக ஏறும். இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்ளும். ஐப்பசியில் பூக்கும்போது இதழ்கள் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மேல்நோக்கி மடிந்து, நெருப்பாகச் சிவக்கும். பள்ளிப் புத்தகத்தில் அது செங்காந்தள், மாநில மலர். பழைய கவிதைகளில் பெண்களின் விரல்களுக்கு உவமை. வேலியிலிருந்த செடியைக் காட்டுக்குக் கொண்டுவந்து, பந்தல் கம்பி கட்டி விதைக்காகப் பயிரிடுகிறார்கள். நட்டுப் பல வருடங்களுக்கு மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருக்கும். செடி காயும், மறுமழைக்கு மீண்டும் வரும்.

நாங்கள் போனபோது பூக்காலம். வெயில் ஏறுவதற்குள் மகரந்தத்தைக் கையால் எடுத்து ஒவ்வொரு பூவின் சூல்முடியிலும் தொட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் காய் பிடிக்காது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், மருத்துவமனையில் அக்காவைப் பார்த்திருந்த ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சிஸ்டரு, பூவுக்குக் கண்ணாலம் பண்ணி வெக்க வந்தீங்களா?"

"பொண்ணு மாப்பிள்ளை ஜாதகமெல்லாம் பார்த்தாச்சா?" என்றார் அக்கா.

"தாலி கட்றதோட எங்க வேலை முடிஞ்சுதுங்க. குடும்பம் நடத்துறது அதுக பாடு."

எல்லாரும் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் ஒருவர் மட்டும் திரும்பாமல் பூவைத் தொட்டுக்கொண்டிருந்தார். கம்பியில் மாட்டி அவருடைய துண்டு நழுவியது. உள்ளே, அறுத்த வயலின் தாள்போல் குட்டை முடி. அவசரமாகத் துண்டை இழுத்துக் கட்டினார். மகளைக் கொன்ற கிழங்கு விளையும் காட்டில்தான் சரசு மறுபடியும் கூலிக்கு வந்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அந்தப் பருவத்துக்கு வேறு வேலை இல்லை.

அக்கா அவரிடம் போகவில்லை. காட்டுக்காரரிடம் பேசினார். கூலியாட்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள். நட்டதுபோக மிஞ்சும் உடைந்த கிழங்குகளை, உங்கள் வேலியில் ஊன்றிக்கொள்ளுங்கள் என்று ஆட்களுக்கு அள்ளிக் கொடுப்பது அங்கே வழக்கம். முழுக் கிழங்கு கலப்பைபோல் இரண்டாகப் பிரிந்து கவைத்திருக்கும். குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும். உடைந்துவிட்டால் கவை இல்லை. விரல் நீளத்துக்கு, சர்க்கரைவள்ளியின் துண்டுபோலவே கிடக்கும். சரசுவின் வீட்டில் அந்தத் துண்டுகளும் சர்க்கரைவள்ளியும் ஒரே சாக்கில் இருந்தன. கிழங்குக் காட்டிலேயே வேலை செய்கிறவர்கள் வீட்டில்தான் இந்தத் தவறு நடக்க முடியும். வேறு யார் வீட்டுக்கும் அந்தத் துண்டு போகாது.

"நடுறதுக்கு முன்னாடி எல்லாக் கிழங்குக்கும் ஒரு கலர் பூசிடுங்க" என்றார் அக்கா.

பண்ணாடி அவரை மேலும் கீழும் பார்த்தார். "வெதக்கெழங்குல சாயம் இருந்தா எந்த யாவாரிங்க தொடுவான்? நீங்க ஊசி போடுறவங்க, ஊசி போடுங்க. வெவசாயத்த நாங்க பாத்துக்கறோம்."

"செத்தது உங்க காட்டுக் கிழங்கை அவிச்சு."

"நானா அவிக்கச் சொன்னேன்? கவனமா வெச்சுக்கோணும்னு சொல்லித்தான் குடுத்தேன். வந்துட்டாங்க பேச."

பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் முகம் சிவந்துபோனது. போய் வரப்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சரசு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். "குடிங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க." அவ்வளவுதான். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். இருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

என் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் கேலிதான் செய்தார். "கெழங்குக்குச் சாயமா? பார்டர் என்ன கலர்ல வேணுமாம்?" அக்காவே ஒருநாள் பட்டறைக்கு வந்து, சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று காரணத்தைச் சொன்ன பிறகு அவர் கேலி செய்யவில்லை. துணிச்சாயம் மண்ணுக்கு ஆகாது என்றார். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தூளைத் தேர்ந்தெடுத்தார். அது ஒட்டாமல் உதிர்ந்தது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதுபோல அரிசிக் கஞ்சியில் குழைத்தார். ஒட்டியது, எறும்பு வந்தது. கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டார், எறும்பு வரவில்லை. கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு சட்டி கொண்டுவரச் சொல்லி, பூசிக் காய்ந்த சர்க்கரைவள்ளித் துண்டு ஒன்றைக் கொதிக்க வைத்தார். தண்ணீர் நீலமாகியது. சட்டி முழுக்க அடர் நீலம், மேலே வேப்பெண்ணெய் மிதந்தது.

"இதை எவனும் திங்க மாட்டான்" என்றார் அப்பா.

அக்கா சட்டியைப் பார்த்தபடியே இருந்தார். "எல்லாத்துக்கும் பூச வேண்டாம். உடைஞ்சதுக்கு மட்டும் பூசினா போதும். அதைத்தான் வியாபாரி வாங்க மாட்டானே" என்றார். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மனத்துக்குள் பண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆடியில் வாளியோடு போனோம். உடைந்ததற்கு மட்டும் என்றதும் பண்ணாடி மறுக்கவும் இல்லை, சரியென்று சொல்லவும் இல்லை. மரத்தடியில் கிழங்குக் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீலக் கஞ்சியைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ணாடி நிற்கும்போது யார் முதலில் கை வைப்பது? அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். சரசு எழுந்து வந்தார். முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. உடைந்த துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டுவந்து, மணிக்கட்டு வரை கையை வாளிக்குள் விட்டார்.  பண்ணாடி அந்தக் கைகளைப் பார்த்தார். மோட்டார் போட வேண்டும் என்று கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

அந்தக் காட்டில் தொடங்கியது பக்கத்துக் காடுகளுக்குப் போனது. எல்லாக் காடுகளுக்கும் போகவில்லை. வார விடுமுறையில் அக்கா வாளியும் நீலத்தூளுமாக பஸ் ஏறுவார். சில இடங்களில் காப்பி கொடுத்தார்கள், சில இடங்களில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மருத்துவமனையில் இது யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை.

அவர் அந்தப் பூவை வெறுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், அவரைக் கூட்டிப்போகக் கோயிலுக்குப் போயிருந்தேன். பீடம் அலங்கரித்த பெண்கள் ஜாடி நிறையச் செங்காந்தள் வைத்திருந்தார்கள். அக்கா அருகில் போனதும், விஷயம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் பதறி, "எடுத்துடட்டுமா ஜெயமேரி?" என்றார்.

"ஏன், பூ என்ன பண்ணுச்சு? இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு." ஜாடியைச் சற்றுத் திருப்பி வைத்தார். "தண்டு ஊறின தண்ணியை மட்டும் நாளைக்கு மறக்காம கொட்டிட்டு, கையைக் கழுவுங்க."

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் அவரைத் தேடி வார்டுக்கே வந்தது அதற்கடுத்த வருடம். மாமியார் தெரியாமல் கிழங்கை அவிக்கப் போட்டுவிட்டார், சட்டித் தண்ணீர் நீலமானதைப் பார்த்து அலறி இறக்கினார்களாம். அதைச் சொல்ல வந்திருந்தார். சொல்லிக்கொண்டே அழுதார். வீட்டில் மூன்று குழந்தைகள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது அது மலரும் என்று.

"தண்ணியை எங்க கொட்டுனீங்க?" என்றார் அக்கா.

"ஊட்டுக்குப் பொறத்தால, பொடக்காளியிலதானுங்க."

"கோழி குடிச்சுருமே! போய் மண்ணைப் போட்டு மூடு முதல்ல."

அந்தப் பெண் திகைத்துப்போய்க் கிளம்பினார். அக்கா துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து குழாயில் முகம் கழுவினார். நேராகப் போய் அடுத்த கட்டிலின் ஊசியை எடுத்தார்.

நீலம் போய்ச் சேராத இடங்களும் இருந்தன. போன வருடம் அப்படி ஓர் ஊரிலிருந்து ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாள் அவர் தெளிந்து உட்கார்ந்து டீ கேட்டபோது, வார்டில் அக்கா ஒருவருக்குத்தான் அதன் பொருள் தெரிந்திருந்தது. டாக்டரிடம் சொன்னார், டாக்டரும் புரிந்துகொண்டார், செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். எட்டு மணிக்கு நான் மருந்தகத்தைப் பூட்டிவிட்டு மேலே போனேன். அக்கா அவருடைய கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எட்டாயிடுச்சுக்கா."

"தெரியும்."

அவர் எழுந்திருக்கவில்லை. முதியவர் அதற்கடுத்த நாள் இறந்தார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது இந்த வருடத் தொடக்கத்தில். பார்க்கப் போனவர்கள் எல்லாரும் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். நானும் கடைசி முறை போனபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வழக்கம்போல வாயில் வந்ததைச் சொன்னேன். "சீக்கிரம் சரியாயிடும்கா."

"அதை மட்டும் சொல்லாத" என்றார். குரலில் கோபமில்லை. "எத்தனை மணி வரைக்கும் இருப்பேன்னு சொல்லு, போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆறு மணி வரைக்கும் இருந்தேன்.  இந்த ஆடிக்கு நீலத்தூள் வாங்கிவிட்டேனா என்று கேட்டார்.

அடக்கத்துக்குப் பெண்கள் ஒரு மினி டெம்போவில் வந்தார்கள். காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராகக் குனிந்து மண் எடுத்துப் போட்டபோதுதான் மற்றவர்கள் கவனித்தார்கள்: எல்லார் கைகளும் மணிக்கட்டு வரை நீலம். வேப்பெண்ணெய் வாடை அடித்தது. அக்காவின் உறவுக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார், "கையில என்னம்மா, பெயிண்ட்டா?"

"சிஸ்டரம்மா வேலைங்க" என்றார் சரசு.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் மதிலோரம் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருடங்களில் அவரும் அக்காவும் நீலத்தைப் பற்றி, மழையைப் பற்றி, பூ உதிர்வதைப் பற்றிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். தாரணியைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. அன்று அவராகவே சொன்னார்.

"நாளைக்கு ஊட்டுக்குப் போயிறலாம்னு சிஸ்டரம்மா சொன்னாங்கல்ல சாமி. அதக் கேட்ட பொறகு எம்புள்ளைக்குத் தல கால் புரியல. பள்ளிக்கூடத்துல சுதந்திர தினத்துக்கு டேன்ஸுல சேத்திருந்தாங்க. படுத்துக்கிட்டே கைய மட்டும் ஆட்டி ஆட்டி அந்த டேன்ஸ ஆடிக் காட்டுச்சு. பக்கத்துக் கட்டுலு ஆத்தாகிட்ட, நானு நாளைக்கு ஊருக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டே தூங்கிப்போச்சு." நீலக் கையால் சேலை முந்தானையை முறுக்கினார். "அன்னிக்கு ஒரு பொழுது எம்புள்ள பயமில்லாம இருந்துச்சுங்க. அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா, அதுங்கூட இருந்திருக்காது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "இதை அவங்ககிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவங்க…"

"தெரியுமுங்க. எனக்குத் தெரியாதுங்களா." என்னைப் பார்க்காமல் சொன்னார். "எப்பிடிச் சொல்றது சாமி. அந்தப் பேச்ச எடுத்தா எம்புள்ள பேரச் சொல்லோணுமல்ல."

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். மிச்சக் கிழங்கு வெயிலில் கிடக்கிறது என்று சொல்லிச் சரசு எழுந்துபோனார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை அதிகமில்லை. பட்டறையிலிருந்து அவர் வாங்கிப்போன வாளி திரும்ப எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அதன் உட்புறம் இனி வெளுக்காது. அடுத்த ஆடிக்கு நான் அதோடு போவேன். எந்தச் சட்டியிலும் கிழங்கு வெந்தால் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தெரியாததைச் சொல்லாத அவருடைய வாயும், அக்கா அறியாமலே போன, தாரணியின் அந்த ஒரு பொழுதும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று மருந்து வாங்க வந்த ஒரு தாய், தோளில் சாய்ந்திருந்த பெண் குழந்தையைக் காட்டிக் கேட்டார். "சரியாயிருமுங்களா?"

குழந்தையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"எட்டு மணி வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். பிறகு கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "உனக்கு டான்ஸ் ஆடத் தெரியுமா?" என்று கேட்டேன்.